சாரணத் தந்தை பேடன் பவல் பிரபு

நம் சங்கத்தார் ஆண்டு மலர்தோறும் ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிடுவது மரபு. புலவர் ஒருவரையோ நாட்டுத் தொண்டர் ஒருவரையோ எதிர்பார்த்து இப்பக்கத்தைத் திருப்பும் அன்பர்கள், ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவரின் பெயரைக் கண்டு வியப்படையக்கூடும். அவ்வியப்புக்கு விடை கூறுவது நம் கடமை.

காலனியில் வாழும் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் பெற்றோரும் பிள்ளைகளுமாக வெளியே சென்று, மரநிழலில் தங்கி, அடுப்பு மூட்டவும் முடிச்சுப் போடவும் திசை அறியவும் முதலுதவி செய்யவும் ஒருவருக்கொருவர் கற்பித்துக் கொள்ளவேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே பலருக்கு உண்டு. இத்தகைய நாளை உலகுக்கு முதன்முதல் ஒழுங்குபடுத்திக் கொடுத்தவர் யார், அவர் அதனை எங்கே கற்றார், நாம் அவரிடமிருந்து எதனைக் கொள்ளலாம், எதனைத் தள்ளலாம் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பேரரசின் படைவீரராய் வாழ்ந்த ஒருவரை வெறும் புகழ்மாலை சூட்டி வணங்குவதற்கு நாம் வரவில்லை. குறையையும் நிறையையும் ஒருங்கே வைத்து நிறுப்பதே நம் கருத்து.

தொடங்குமுன் ஒரு சொல்லை நினைவூட்டுவோம். சாரணர் என்பது நம் மொழியில் பழைய சொல். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரை நோக்கி நடந்த வழியில் கண்டு வணங்கிய சமண முனிவர் சாரணர் எனப்பட்டார். ஓரிடத்தில் நில்லாது திரிந்து அறம் உரைப்பவர் என்பது அங்குப் பொருள். ஆனால் அதே சொல்லுக்கு ஒற்றர் என்னும் பொருளும் உண்டு. பகைவர் நாட்டில் மறைந்து திரிந்து செய்தி கொணர்பவரும் சாரணரே. நாம் கூறப்போகும் மனிதரின் வாழ்க்கை, இச்சொல்லின் ஒரு பொருளில் தொடங்கி மற்றொரு பொருளில் முடிந்தது.

இளமை

இராபர்ட் ஸ்டீபென்சன் ஸ்மித் பவல் 1857ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் பேடன் பவல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர், சமயகுருவுமாவார். தாயார் ஹென்ரியட்டா கிரேஸ் கடற்படைத் தலைவர் ஒருவரின் மகள். இருப்புப்பாதைப் பொறியியல் வல்லுநராகிய இராபர்ட் ஸ்டீபென்சன் இக்குழந்தையின் ஞானத்தந்தை. ஆதலின் அவர் பெயரே இடப்பெற்றது.

குழந்தைக்கு மூன்று வயதாகும்போது, 1860இல், தந்தையார் மறைந்தார். பல பிள்ளைகளோடு தனித்து நின்ற தாயார் மனந்தளரவில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் ஆளாக்கியே தீர்வதென உறுதி பூண்டார். மறைந்த கணவரின் பெயர் நிலைக்கவேண்டும் என்று 1869இல் குடும்பப் பெயரைப் பேடன் பவல் என மாற்றினார். சுரங்கத்தில் கணவனை இழந்து, லைன் வீட்டில் இருந்தபடியே பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார் பலரை நாம் அறிவோம். அவர்களுக்கு அவ்வம்மையாரின் நிலை எளிதில் விளங்கும்.

மூத்த தமையனார் வாரிங்டன் கடல்தொழிலில் வல்லவர். விடுமுறை தோறும் தம்பியரைப் படகில் ஏற்றிச் செல்வார். படகைத் துடைப்பதும், சோறாக்குவதும், பாய்மரக் கயிற்றை இழுப்பதும் சிறுவர்களின் வேலை. செய்த வேலையில் பிழை நேர்ந்தால் தமையனார் கண்டிப்பார். குடும்பத்தார் ஒருங்கு கூடி வெளியில் வாழ்வதனால் விளையும் கல்வியை இராபர்ட் அப்போதே சுவைத்தார்.

1870இல் உதவிச் சம்பளம் பெற்றுச் சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் சேர்ந்தார். 1872இல் அப்பள்ளி இலண்டனை விட்டு நாட்டுப்புறத்திலுள்ள காடல்மிங் என்னும் ஊருக்கு மாறியது. பள்ளிக்கு அருகே ஒரு சிறு தோப்பு இருந்தது. மாணவர் அங்குச் செல்லக்கூடாதென்பது விதி. இராபர்ட் அங்குச் சென்றார். முயல் பிடித்தார், புகை எழாதவாறு சிறு தீ மூட்டிச் சமைத்தார், ஆசிரியர் தேடி வந்தால் மரத்தின்மேல் அசையாதிருந்தார். தேடுவோர் கீழே பார்ப்பாரேயன்றி மேலே பார்ப்பதில்லை என்பதை அங்குதான் கண்டறிந்தார். வகுப்பறைக் கல்வியில் அவர் சிறந்து விளங்கினாரில்லை. ஆக்ஸ்போர்டில் இடம் கிடைக்கவில்லை. ஆனால் 1876இல் படைத்துறைத் தேர்வு எழுதியபோது, நூற்றுக்கணக்கானோருள் குதிரைப்படைக்கு இரண்டாவதாகத் தேறினார். மதிப்பெண் குறைந்த பிள்ளையைக் கண்டு மனம் நோகும் பெற்றோர் இதனைக் கருதுவாராக.

ஒற்றறியும் கலை

அதே ஆண்டில் கப்பலேறி இந்தியாவுக்கு வந்து, லக்னோவில் இருந்த 13ஆம் ஹுஸ்ஸார் குதிரைப்படையில் சேர்ந்தார். வயது 19. மற்ற அதிகாரிகள் ஓய்வு நேரத்தைக் கேளிக்கையில் கழிக்க, இவர் தடம் பார்ப்பதிலும் நிலப்படம் வரைவதிலும் கழித்தார். காட்டுப்பன்றி வேட்டையில் பெயர் பெற்று, 1883இல் காதிர் கிண்ணம் என்னும் பரிசை வென்றார். விடியலில் வேட்டைக்குச் செல்வோர் முறிந்த புல்லையும் ஈர மண்ணில் பதிந்த குளம்பையும் படித்தறிய வேண்டும். அவ்வாறு படித்தறிவதனைப் படைவீரருக்குக் கற்பிக்க 1884இல் ஒரு நூல் எழுதினார்.

1890 முதல் சில ஆண்டுகள் மால்ட்டாத் தீவில் தம் தாய்மாமனின் கீழ்ப் பணியாற்றினார். மத்தியதரைக் கடற்கரை நாடுகளில் ஒற்றறியும் வேலையும் அவருக்கு உரியதாயிற்று. பட்டாம்பூச்சி பிடிப்பவர்போல் வலையும் ஓவியப் புத்தகமுமாகக் கோட்டைகளின் அருகே உலவி, பூச்சியின் சிறகில் காணும் கோடுகளுக்கிடையே கோட்டையின் அமைப்பையும் பீரங்கிகளின் இடத்தையும் மறைத்து வரைந்ததாகப் பிற்காலத்தில் அவரே எழுதியுள்ளார். சாரணர் என்னும் சொல்லின் முதற்பொருளுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ!

1896இல் ஆப்பிரிக்காவில் மத்தபேலே மக்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தபோது, அவர்களை அடக்கச் சென்ற படையில் பேடன் பவல் இருந்தார். மட்டோப்போ மலைகளில் பர்ன்ஹாம் என்னும் அமெரிக்க வேவுவீரரின் துணை அவருக்குக் கிடைத்தது. கல்லும் காடுமான அவ்விடத்தில் இரவில் தனித்து நடப்பதும், ஒலியாலும் மணத்தாலும் சூழலை உணர்வதும் பழகினார். ஆயினும் அப்போரில் அவர் பெயரில் ஒரு கறையும் படிந்தது. உவினி என்னும் மத்தபேலேத் தலைவரைச் சிறைபிடித்தபின் படைநீதி மன்றத்தின் தீர்ப்பின்படி சுட்டுக்கொல்ல ஆணையிட்டார். அதுபற்றி விசாரணை நடந்தது. விசாரணையில் அவர் விடுவிக்கப்பட்டார். அவ்விசாரணையை நடத்தியவர்களும் அவருடைய இனத்தாரே என்பதை நாம் மறத்தற்கில்லை.

1897இல் மீண்டும் இந்தியாவுக்கு வந்து, மீரத்தில் 5ஆம் டிராகூன் குதிரைப்படைக்குத் தலைவரானார். இளவீரர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து வேவுத்தொழில் பயிற்றினார். தேறியவர்க்கு வடதிசை காட்டும் முனையின் வடிவில் சின்னம் ஒன்று அளித்தார். இன்று உலகமெங்கும் சாரணர் நெஞ்சில் அணியும் மூவிதழ்ச் சின்னத்தின் வேர் அதுவே.

மேப்கிங் முற்றுகை

அவரை உலகறியச் செய்தது தென்னாப்பிரிக்காவிலுள்ள மேப்கிங் என்னும் சிற்றூர். 1899 அக்டோபர்த் திங்களில் போயர்கள் அவ்வூரைச் சூழ்ந்தனர். 217 நாள் முற்றுகை நீடித்து, 1900 மே 17ஆம் நாள் நீங்கியது. படைபலம் குறைந்திருந்தும் பேடன் பவல் சூழ்ச்சியால் ஊரைக் காத்தார். இல்லாத கண்ணிவெடிகளைப் புதைப்பதுபோல் நடித்தார். இல்லாத முள்வேலியைத் தாண்டுவதுபோல் வீரர்களை நடக்கச் செய்தார்.

அம்முற்றுகையில் 9 வயது முதற்கொண்ட சிறுவர்களைச் சேர்த்து ஒரு படை அமைக்கப்பெற்றது. அதனை ஒழுங்குபடுத்தியவர் எட்வர்ட் செசில் பிரபு என்னும் அதிகாரி. செய்தி கொண்டுபோதல், காவல் நிற்றல், மருத்துவமனையில் உதவுதல் ஆகியவை சிறுவர்களின் வேலைகள். முதலில் கழுதை மீதும், கழுதைகள் உணவாகிவிட்ட பின்னர் மிதிவண்டியிலும் சென்றனர். பொறுப்பைக் கொடுத்தால் சிறுவன் பெரியவனாகிறான் என்னும் உண்மையைப் பேடன் பவல் அங்குக் கண்டார். அவர் பிற்காலத்தில் கட்டிய மாளிகைக்கு அதுவே கடைக்கால்.

இங்கும் ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். முற்றுகைக்குள் வெள்ளையர் மட்டும் இருந்தாரல்லர். பாரோலாங் இனத்தாரும் பிற ஆப்பிரிக்க மக்களும் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அவர்களுக்குக் கிடைத்த உணவு மிகக் குறைவு. பலர் பசியால் மடிந்தனர். பலர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. இதற்கு அவர் எவ்வளவு பொறுப்பாளி என்பதில் பிற்கால வரலாற்றாசிரியர்களிடையே பெரிய வழக்கு உண்டு. இலண்டன் வீதிகளில் மக்கள் கூத்தாடிக் கொண்டாடிய அவ்வெற்றியின் அடியில் இத்துயரமும் கிடந்தது.

பிரௌன்சீ தீவு

முற்றுகை நீங்கியதும் மேஜர் ஜெனரல் பதவி கிடைத்தது. 1903இல் தாய்நாடு திரும்பினார். படைவீரர்க்கென 1899இல் வெளிவந்த அவருடைய வேவுநூலைப் பள்ளி ஆசிரியர்களும் சிறுவர்களும் வைத்து விளையாடுவதைக் கண்டு வியந்தார். அக்காலத்து இங்கிலாந்தில் ஆலைத்தொழில் பெருகிய நகரங்களில் சிறுவர் பலர் உடல் மெலிந்து, வேலையின்றித் தெருவில் திரிந்தனர். இவர்களுக்கு ஏதேனும் செய்யவேண்டும் என்னும் எண்ணம் அவருள் வேர்கொண்டது. சிறுவர் படை நிறுவிய வில்லியம் ஸ்மித், காட்டுக்கலை இயக்கம் நடத்திய ஏர்னஸ்ட் தாம்ப்ஸன் சீட்டன் முதலியோரின் கருத்துக்களும் அவருக்குத் துணையாயின. கொன்று பழகிய கலையிலிருந்து கொலையை நீக்கிவிட்டு எஞ்சியதைச் சிறுவர்க்குக் கொடுக்க முடியுமா என்பதே அவர் முன் நின்ற வினா.

அதனைச் சோதிக்க 1907 ஆகஸ்டுத் திங்கள் முதல் வாரத்தில் பூல் துறைமுகத்திலுள்ள பிரௌன்சீ தீவில் ஒரு பாசறை அமைத்தார். ஏறத்தாழ 20 சிறுவர்கள் வந்தனர். அவர்களுள் ஒரு பாதியினர் ஈட்டன், ஹாரோ போன்ற செல்வர் பள்ளிகளில் பயில்வோர். மறுபாதியினர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். இவர்களைக் கலந்து ஓநாய், எருது, காக்கை, குருலி என்னும் உள்ளான் இனப்பறவை ஆகியவற்றின் பெயரால் நான்கு அணிகளாக்கினார். ஒவ்வோர் அணிக்கும் சிறுவன் ஒருவனே தலைவன். வகுப்பு வேற்றுமை மிகுந்த அந்நாட்டில் இது சிறு செயலன்று.

விடியலில் மத்தபேலே நாட்டிலிருந்து கொணர்ந்த மான்கொம்பை ஊதி எழுப்புவார். ஒரு நாள் பாசறை அமைத்தல், ஒரு நாள் உற்றுநோக்கல், ஒரு நாள் காட்டுக்கலை, ஒரு நாள் உயிர்காத்தல் என்று நாளுக்கொரு பாடம். பாடம் என்றால் சொற்பொழிவன்று. முதலில் ஒரு கதை, பின்பு செய்து காட்டல், பின்பு அதனையே விளையாட்டாக ஆடல். இரவில் தீயைச் சுற்றி அமர்ந்து தம் அனுபவங்களைக் கூறுவார். எட்டு நாளில் சோதனை வெற்றி பெற்றது.

1908 சனவரி முதல் அவருடைய சாரணர் நூல் இருவாரத்துக்கொன்றாக ஆறு பகுதிகளாய் வெளிவந்தது. ஒரு பகுதியின் விலை நான்கு பென்னி. சிறுவர்கள் எவரையும் கேளாமல் தாமே அணி சேர்ந்தனர். 1909இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் கூடிய பேரணிக்கு 11,000 பேர் வந்தனர். அங்கே அழையாமல் வந்த சிறுமியர் சிலரும் தாங்களும் சாரணரே என்று நின்றனர். அவர்களுக்கென 1910இல் தம் தங்கையார் அக்னஸைக் கொண்டு சாரணியர் இயக்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில், 53ஆம் வயதில், படைத்தொழிலை விட்டார். வாள் தூக்கிய கை கோல் பிடித்தது. ஒற்றர் தலைவர் சாரணத் தந்தையானார்.

1912இல் கப்பற்பயணத்தில் ஒலேவ் சோம்ஸ் என்னும் நங்கையைச் சந்தித்து அவ்வாண்டிலேயே மணந்தார். இருவருக்கும் பிறந்த நாள் பிப்ரவரி 22. வயதில் மட்டும் 32 ஆண்டு வேற்றுமை. மூன்று குழந்தைகள் பிறந்தனர். அம்மையார் பின்னர் உலகச் சாரணியர் தலைவியாகி, இயக்கத்தைக் குடும்பத்தின் இயக்கமாகவே வளர்த்தார். 1916இல் சிறு குழந்தைகளுக்கான குருளையர் படை, கிப்ளிங்கின் வனக்கதையை அடியொற்றி அமைந்தது. அக்கதையின் களம் இந்தியக் காடே. சாரணர் ஆடும் கிம் விளையாட்டும் அவர் எழுதிய கிம் என்னும் புதினத்தில் சிம்லாவில் நிகழ்வதாக வரும் பயிற்சியிலிருந்து பிறந்தது.

1920இல் இலண்டனில் கூடிய முதல் உலகப் பெருவிழாவில் அவரை உலகச் சாரணர் தலைவராக அறிவித்தனர். 1929இல் ஆரோ பூங்காவில் சுமார் 50,000 சாரணர் கூடியபோது பிரபு பட்டம் அறிவிக்கப்பெற்றது. அவ்விழாவில் அவருக்கு என்ன பரிசு வேண்டும் என்று அம்மையாரிடம் கேட்டறிந்தபோது, கால்சட்டைக்குத் தோள்வார் ஒன்றே தேவை என்று அவர் கூறினாராம். உலகச் சாரணர் ஆளுக்கு ஒரு பென்னி சேர்த்துத் தோள்வாரோடு மோட்டார் வண்டியும் கூண்டுவண்டியும் வழங்கினர்.

நம் நாட்டில் சாரணியம்

இந்தியாவின் முதற் சாரணர் படை 1909இல் பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில் காப்டன் பேக்கர் என்பவரால் தொடங்கப்பெற்றது. நம் மைசூர் மைன்ஸிலிருந்து இரயிலில் சில மணி நேரப் பயணம். ஆனால் நம்மவர்க்கு எட்டாத் தொலைவு. ஏனெனில் அப்படையில் ஐரோப்பியச் சிறுவரும் ஆங்கிலோ இந்தியச் சிறுவருமே சேரலாம். இந்தியச் சிறுவர்க்கு இப்பயிற்சி கிடைத்தால் அவர்கள் புரட்சிக்காரர் ஆகிவிடுவர் என்று ஆட்சியாளர் அஞ்சினர். பங்களாவும் கிளப்பும் ஒருபுறமும், கூலி லைன் மறுபுறமுமாக இருந்த தங்கவயலின் பெரியோர்க்கு இந்த வேலி புதியதன்று.

வேலியைப் பிரித்தவர் அன்னி பெசன்ட் அம்மையார். 1916இல் அருண்டேலின் துணையோடு சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். தொப்பிக்கு மாற்றாகத் தலைப்பாகையும், ஆங்கிலப் பாட்டுக்கு மாற்றாக இந்தியப் பாட்டும் வைத்தார். 1918இல் பண்டித மாளவியாவும் குன்ஸ்ருவும் பாஜ்பாயும் அலகாபாத்தில் சேவாசமிதிச் சாரணர் சங்கத்தை நிறுவினர். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்து பெசன்ட் அம்மையாரின் சங்கத்தைத் தம் இயக்கத்தோடு இணைத்துக்கொண்டார். இந்தியச் சிறுவர்க்கு வாயில் திறந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் உதகையில் காவலில் வைக்கப்பெற்ற அம்மையாரையே அரசின் அன்பர்கள் சாரணர் ஆணையராக ஏற்கவேண்டியதாயிற்று. மாளவியாவின் சங்கமோ இணையாமல் தனித்தே நின்றது.

1937 பிப்ரவரியில் தில்லியில் நடந்த அனைத்திந்தியப் பெருவிழாவுக்கு முதியவராகிய பேடன் பவல் மனைவியாரோடு வந்தார். வந்து சென்றபின் ஒரு கசப்பு விளைந்தது. இந்தியரின் ஒழுக்கத்தைக் குறைத்தும், மானம் என்னும் பொருளுக்கு இந்திய மொழிகளில் சொல்லே இல்லை என்னும் கருத்துப்படவும் அவர் கூறியதாக வெளியான செய்தி நாட்டைப் புண்படுத்தியது. பலர் அவர் இயக்கத்தை விட்டு விலகினர். 1938இல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் தோன்றியது.

தமிழராகிய நாம் இதற்கு விடை தேடி அலைய வேண்டுவதில்லை. திருக்குறளின் 97ஆம் அதிகாரத்தின் பெயரே மானம். இந்திய மண்ணில் பல ஆண்டு வாழ்ந்து, புல்லின் முறிவையும் குளம்பின் தடத்தையும் படிக்கக் கற்ற ஒருவர், அருகே நின்ற மனிதரின் நெஞ்சைப் படிக்கவில்லை. உற்றுநோக்கலைப் பிறர்க்குக் கற்பித்தவருக்கும் காணாத இடம் ஒன்று இருந்தது. நம்மிலும் அத்தகைய இடம் இல்லையா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நலம்.

விடுதலைக்குப்பின், 1950 நவம்பர் 7ஆம் நாள் சங்கங்கள் ஒன்றுகூடிப் பாரத சாரண சாரணியர் இயக்கமாயின. 1951 ஆகஸ்டு 15இல் சாரணியரும் சேர்ந்தனர். ஒதுக்கியவரின் கலையை ஒதுக்கப்பட்டவர்கள் தமதாக்கிக் கொண்டனர். வீட்டைக் கட்டியவரின் குறைகளுக்காக நம் மக்கள் வீட்டை இடித்துவிடவில்லை. சுவரைத் திருத்திக் குடிபுகுந்தனர்.

இறுதிக்காலம்

1937இல் ஹாலந்து நாட்டுப் பெருவிழாவில் சாரணரிடம் விடைபெற்று, 1938இல் கென்யாவிலுள்ள நயேரி என்னும் ஊரில் சிறுகுடில் அமைத்துத் தங்கினார். ஓவியம் வரைந்தும் பறவைகளைப் பார்த்தும் நாள் கழித்தார். 1941 சனவரி 8ஆம் நாள், 84 வயது நிறைய ஒரு திங்களுக்குச் சற்றுமேல் இருக்கையில், உயிர் நீத்தார். கல்லறையில் ஒரு வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும் செதுக்கப்பட்டுள்ளன. வழி நடக்கும் சாரணர் பின்வருவோர்க்கு இடும் அடையாளம் அது. வீட்டுக்குத் திரும்பிவிட்டேன் என்பது பொருள். குமாவுன் காடுகளை எழுதிய ஜிம் கார்பெட் பிற்காலத்தில் அக்குடிலிலேயே வாழ்ந்து, 1955இல் மறைந்து, அதே இடுகாட்டில் துயில்கிறார்.

நமக்கு ஒரு நாள்

இவ்வரலாற்றால் நாம் பெறும் பயன் யாது? நம் தந்தையரும் பாட்டன்மாரும் சாரணச் சின்னம் அணியாத சாரணர். வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து, ஞாயிறு புகாத ஆழத்தில் தொழில் செய்தனர். பாறையில் எழும் ஓசை மாறுவதைக் கேட்டு, ராக் பர்ஸ்ட் என்னும் பாறை வெடிப்புக்கு முன்னே தோழரை விலக்கியோர் அவர்களுள் உண்டு. உற்றுநோக்கலும் உயிர்காத்தலும் அவர்களுக்கு விளையாட்டல்ல, அன்றாடச் சோறு. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடியபின் அவ்வறிவு பயன்படும் இடமின்றி நிற்கிறது. இன்று பெற்றோர் பலர் கருக்கலில் பெங்களூர் இரயிலேறி இரவில் திரும்புகின்றனர். பிள்ளைகள் கைப்பேசியோடு தனித்திருக்கின்றனர். தாத்தாவுக்குத் தெரிந்தது பேரனுக்குச் செல்லும் வழி அடைபட்டுப்போயிற்று. அவ்வழியைத் திறப்பதற்கே இந்த ஒரு நாள்.

அந்நாளில் செய்யத்தக்கவை அரியன அல்ல. வெயிலில் ஒரு கோலை நட்டு, நிழல் நுனியில் ஒரு கல் வைத்து, கால் மணி கழித்து நகர்ந்த நுனியில் மற்றொரு கல் வைத்தால், முதற்கல் மேற்கு, அடுத்த கல் கிழக்கு. நம் ஊரில் வடமீன் அடிவானத்துக்கு மேல் 13 பாகை உயரமே எழுவதால் குன்றுகள் மறைத்துவிடும். ஆனால் வேட்டைக்கார மீன்கூட்டத்தின் இடுப்பு மூன்று மீன்கள் கிட்டத்தட்ட நேர்கிழக்கில் எழுந்து நேர்மேற்கில் மறையும். மூன்று கல் வைத்துக் காற்றின் போக்கறிந்து அடுப்பு மூட்டுவதைப் பாட்டிமார் கற்பிக்கட்டும். எரிந்தபின் நீர் தெளித்துச் சாம்பல் குளிர்ந்ததைக் கையால் தொட்டறிந்து நீங்குவதையும் சேர்த்தே கற்பிக்கட்டும். இழுத்தால் இறுகாத வளையம் போட்டுக் கிணற்றில் விழுந்தவரைத் தூக்குவதைச் சுரங்கத்தில் கயிறு பிடித்த பெரியவர் காட்டட்டும். கிம் விளையாட்டுக்கு ஒரு தட்டும் 20 சிறு பொருள்களும் ஒரு துணியும் போதும். ஒரு நிமிடம் பார்த்து, மூடியபின் நினைவிலிருந்து எழுதவேண்டும்.

முதலுதவியில் மட்டும் பழநூல்களை நம்பலாகாது. பாம்பு கடித்த இடத்தை அறுப்பதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் தீங்கென்று இன்றைய மருத்துவம் தெளிவாகக் கூறுகிறது. கடியுண்டவரை நடக்கவிடாமல் அமைதியாகக் கிடத்தி, கடியுண்ட உறுப்பைச் சட்டம் வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டி, விரைந்து மருத்துவமனை சேர்ப்பதே முறை.

இடத்தைத் தேர்வதிலும் கருத்து வேண்டும். சயனைட் மேடுகளும் மூடிய சுரங்கவாய்களும் பிள்ளைகள் விளையாடும் இடமல்ல. காற்றில் பறக்கும் அப்புழுதியையும், மண்சரியும் அவ்வாய்களையும் விலக்கி, மரநிழலும் நல்ல நீரும் உள்ள இடத்தையே நாடவேண்டும். எவ்விடம் ஆபத்தானது, ஏன் ஆபத்தானது என்று பிள்ளைகளுக்கு உரைப்பதும் அந்நாளின் முதற்பாடம் ஆகட்டும்.

பிரௌன்சீ தீவில் செல்வர் பிள்ளையும் தொழிலாளர் பிள்ளையும் ஓர் அணியில் நின்றனர். நம் ஞாயிற்றுக்கிழமையில் எல்லா லைன்களின் பிள்ளைகளும், ஆணும் பெண்ணும், மொழியும் சமயமும் சாதியும் பாராது ஓர் அணியில் நிற்பார்களாக. பேடன் பவல் கொடுத்தவற்றுள் கொள்ளத்தக்கது இது. அவர் காணத் தவறிய மானத்தை நாம் நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக. மாலையில் அடுப்பணைத்து வீடு திரும்பும்போது, பின்வருவோர்க்காக ஒரு வட்டமும் ஒரு புள்ளியும் மண்ணில் வரைந்துவிட்டு வருவோம்.

வாழ்க நம் காலனி! வளர்க நம் இளைஞர்!